என் கடைக்கு விழுந்த ஒற்றை நட்சத்திரங்கள்

மெட்ரோ ரயில் வேலைக்காக எங்கள் தெருமுனையைத் தகரம் வைத்து அடைத்திருந்த இரண்டாவது வருடம், ஆடி மாதத்தில் இது நடந்தது. மந்தைவெளியில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, தையல் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த வருடம் ஈக்குக்கூட என் கடைக்கு வழி தெரிந்திருக்காது.

மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓட ஆரம்பித்தால் நானும்தான் ஏறப் போகிறேன். ஆனால் அதுவரை என் கடை இருக்க வேண்டுமே. முன்பெல்லாம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், காய்கறி வாங்கிக்கொண்டு போகிறவர்கள் போர்டைப் பார்த்து உள்ளே வருவார்கள். இப்போது போர்டு தகரத்துக்குப் பின்னால் போய்விட்டது. ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவு இடுக்கு ஒன்றுதான் வழி. பழைய வாடிக்கையாளர்களே நான் கடையை மூடிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

என்னோடு இரண்டு பெண்கள் தைக்கிறார்கள். ரொம்ப வருடமாக இருக்கிறார்கள். வேலை இல்லாத நாளில் ஒருத்தி பழைய துணியில் ஹூக் தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள், சும்மா உட்கார வெட்கப்பட்டு. இன்னொருத்தி கிண்டியில் ஏதோ ஆயத்த ஆடைக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரிடமோ போனில் பேசியது என் காதில் விழுந்தது. நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தீபாவளி வரைக்கும் தாங்குகிற மாதிரி ஒரு பெரிய வேலை வரவில்லை என்றால் கடையைக் காலி செய்ய வேண்டியதுதான். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் நீளம். அளவு ரவிக்கையைத் துவைக்காமல் கொண்டு வந்தால் அப்படியே திருப்பி அனுப்புவேன். மற்ற டெய்லர்கள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, பிறகு நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்று அலைய விடுவார்கள். எனக்கு அது ஆகாது. முடியும் என்றால் முடியும். முடியாது என்றால் வாசலிலேயே முடியாது. புதன்கிழமை காலை என்று சொன்னால் புதன்கிழமை காலை துணி தயாராக இருக்கும். அவர்களும் வர வேண்டும். வியாழக்கிழமை வந்து பல்லைக் காட்டினால், ஏன் நேற்று என்ன ஆச்சு என்று கேட்பேன். என்னிடம் வருகிற பெண்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். நான் சொன்னதை, சொன்னது சொன்னபடி செய்வார்கள். அதுவே எனக்கு வினையாகும் என்று நான் நினைக்கவில்லை.

பக்கத்துக் கடைக்காரர் செல்போன் கவர், சார்ஜர் விற்கிறவர். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. தகரம் அவரையும் சேர்த்துத்தான் மறைத்திருந்தது. ஆடிக்குச் சில மாதம் முன்பே ஒரு நாள் நான் தெருமுனையில் வைக்க இன்னொரு போர்டு எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்.

"அக்கா, எவன் போர்டைப் பாக்குறான் இப்போ? எல்லாம் போனைப் பாத்துக்கினு போறான். உன் கடை மேப்புல கீதா இல்லியா, அத்த சொல்லு."

"எனக்கென்ன தெரியும்?"

அவர் தேடிப் பார்த்தார். இருந்தது. யார் எப்போது சேர்த்தார்களோ தெரியாது. ஆனால் கடையின் புள்ளி மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளத்துக்கு நடுவில் நின்றது. "குழிக்குள்ள போய் எவன்க்கா ஜாக்கெட் தைப்பான்?" என்று சிரித்தார். புள்ளியை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தார். திறக்கிற நேரம், மூடுகிற நேரம் போட்டார். தைத்து மாட்டியிருந்த ரவிக்கைகளைப் படம் எடுத்தார். கடைசியில் அந்தத் தகர இடுக்கையும் படம் எடுத்து, இதன் வழியாக வரவும் என்று எழுதிப் போட்டார். இந்த அசிங்கத்தை எதற்குப் போடுகிறாய் என்று அவரைத் திட்டினேன். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஆட்கள் வந்தார்கள். அதற்கு முன்னால் தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு போன் பண்ணி, எங்கே இருக்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று என் உயிரை வாங்குவார்கள்.

"இத்தோட முடியலக்கா. வர்றவங்க கிட்ட ஸ்டார் போடச் சொல்லு. நீ பேசக்கூடாது, ஸ்டார்தான் பேசணும். நீ பேசினா இருக்கறவனும் ஓடிடுவான்" என்றார்.

கட்டம் கட்டமாக இருக்கிற அந்த ஸ்கேன் அட்டையை அச்சடித்துக் கொடுத்தார். கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினேன். ரவிக்கை வாங்க வருகிற ஒவ்வொருத்தரிடமும் அட்டையைக் காட்டி, தையல் பிடிச்சிருந்தா ஒரு ஸ்டார் போட்டுட்டுப் போங்க என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வீட்டுக்குப் போனதும் போடுகிறேன் என்றார்கள். போடாமல் அடுத்த முறை வந்தவர்களிடம் எங்கே என் ஸ்டார் என்றும் கேட்டேன். அதோடு அந்த விஷயத்தை மறந்துவிட்டேன். ஒரு நாளும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

ஆடி பிறந்த பிறகுதான் பெசன்ட் நகரில் நடன வகுப்பு நடத்துகிற ஒரு டீச்சர் போன் செய்தார். மேப்பில் படங்களைப் பார்த்தாராம். நவராத்திரிக்கு அவருடைய வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஆடுகிறார்கள். நடன உடையின் மடிப்பு, விசிறியெல்லாம் தைக்க ஆள் இருக்கிறதாம். ரவிக்கைதான் பிரச்சினை. கை தூக்கினால் மேலே ஏறிக்கொள்கிறதாம். நான் அக்குளில் எப்படி வெட்டுவேன் என்று சொன்னேன். ரொம்ப நேரம் பேசினார். வகுப்பு முழுவதுக்கும் நீங்களே தையுங்கள் என்கிற மாதிரிதான் பேச்சு இருந்தது. போனை வைத்ததும் இரண்டு பெண்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை வருது, மிஷினுக்கு எண்ணெய் போடுங்க என்றேன்.

இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து செய்தி வந்தது. "உங்கள் கடையின் ரேட்டிங்கை இப்போதுதான் கவனித்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்கிறேன்."

செல்போன் கடைக்காரரைக் கூப்பிட்டு, இது என்ன என்று கேட்டேன். அவர் திறந்து பார்த்தார்.

"இன்னாக்கா இது, ஒண்ணொண்ணா போட்டு வெச்சிக்கிறாங்க?"

ஐந்து நட்சத்திரத்துக்கு ஒன்று. அதற்குக் கீழேயும் ஒன்று. அதற்கும் கீழே ஒன்று. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. பெரும்பாலும் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஒருவர் மட்டும் ஒரு நட்சத்திரம் போட்டு, "சூப்பர் தையல்" என்று எழுதியிருந்தார்.

"கலாய்க்கிறான்க்கா" என்றார் கடைக்காரர்.

அதைவிட என்னை எரிய வைத்தது பெயர்கள். முக்கால்வாசி ஆம்பிளைப் பெயர்கள். ஒருத்தன் பைக்கில் உட்கார்ந்திருக்கிறான். ஒருத்தன் புலிப் படம் வைத்திருக்கிறான். என் கடைக்கு எந்த ஆம்பிளை வந்து ரவிக்கை தைத்துக்கொண்டான்? புலிக்கு நான் எப்போது அளவு எடுத்தேன்?

எனக்கு உடனே புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த தெருவில் ஒரு டெய்லர் இருக்கிறார். என்னிடமிருந்து போன வாடிக்கையாளர் அவரிடமும், அவரிடமிருந்து போனவர் என்னிடமும் வருவதுண்டு. ஆள் வைத்துச் செய்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

"வுடுக்கா. எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் கீறான். காசு குடுத்தா அஞ்சு அஞ்சா கொட்டிடுவான். காலைல எழுந்து பாத்தா உன் கடைதான் மெட்ராஸ்லயே டாப்பு" என்றார் கடைக்காரர்.

பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் யோசித்தேன். பின்னால் மிஷின் சத்தம் நின்றிருந்தது. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு கோபம் வந்துவிட்டது.

"நான் தைக்காத ரவிக்கைக்கு எவனோ மார்க்கு போடுவானா? அவன் கையில என் துணியாவது பட்டிருக்கா? போப்பா அந்தாண்ட."

செருப்பை மாட்டினேன். அந்த டெய்லரை நடுத்தெருவில் நிற்க வைத்துக் கேட்பது என்று கிளம்பினேன். அப்போதுதான் இடுக்கு வழியாக ஒரு மாமி மஞ்சள் பையோடு வந்தார். மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் வீடு. பல வருட வாடிக்கையாளர். பிரம்பு வைத்திருக்கிற வாத்தியாரிடம் பேசுவது போலத்தான் என்னிடம் பேசுவார்.

"பதினோரு மணிக்கு வரச் சொன்னேளே, கரெக்டா வந்துட்டேன். நீங்க எங்கே கிளம்பிண்டிருக்கேள்?"

"இருங்க மாமி. ஒருத்தனை ரெண்டு கேள்வி கேட்டுட்டு வந்துடறேன்."

"அக்கா கடைக்கு எவனோ ஒத்த ஸ்டாரா போட்டுத் தள்ளிக்கினு கீறான் மாமி. பெரிய ஆர்டர் ஒண்ணு அதனால போவப் போவுது" என்றார் கடைக்காரர்.

மாமியின் முகம் மாறியது. பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஒத்த ஸ்டாரா? நானும் போட்டேனே."

"என்னது?"

"நீங்கதானே சொன்னேள், ஒரு ஸ்டார் போட்டுட்டுப் போங்கோன்னு. ஆத்துக்குப் போய்ப் பார்த்தா அஞ்சு இருந்தது. நீங்க கேட்டது ஒண்ணு. நான் பாட்டுக்கு நாலஞ்சு போட்டுட்டு, அப்புறம் நீங்க ஏன்னு கேட்டா நான் என்ன சொல்றது? பையன்கூடச் சொன்னான், ஒண்ணு போறுமாம்மான்னு. அவா ஒண்ணுன்னா ஒண்ணுதாண்டா, அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதேன்னுட்டேன்."

முதலில் சிரித்தது ஹூக் தைக்கிறவள். வாயில் ஊசி நூலோடு சிரித்தாள். செல்போன் கடைக்காரர் என் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எல்லார் கிட்டயும் இத்தயேவா சொன்னே? ஒரு ஸ்டார்னு?"

"ஆமா. வேற எப்படிச் சொல்றது?"

"அக்கா, நீ அடுத்த தெருவுக்குப் போவாத. கண்ணாடி முன்னாடி நின்னு சண்டை போடு."

நீங்களே சொல்லுங்கள். நம் பேச்சில் ஒரு என்பது எண்ணிக்கையா? ஒரு வாய் தண்ணி குடுங்க என்றால் யாராவது ஒரே வாய் அளந்து கொடுக்கிறார்களா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ என்றால் ஒரே வார்த்தையோடு நிறுத்துகிறோமா? வேறு எந்தக் கடைக்காரி சொல்லியிருந்தாலும் ஜனங்கள் புரிந்துகொண்டிருப்பார்கள். நான் சொன்னதால்தான் எண்ணிப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். அதிகம் போட்டால் திட்டுவேனோ என்று பயந்திருக்கிறார்கள்.

எத்தனை பேருக்குப் பிடித்ததோ அத்தனை ஒற்றை நட்சத்திரம். பிறகு விசாரித்ததில், பைக்கில் உட்கார்ந்திருந்தவன் ஓர் அம்மாவின் கடைசிப் பிள்ளை. புலி ஒருத்தியின் வீட்டுக்காரர். பெண்கள் அவரவர் வீட்டில் கிடைத்த போனில் போட்டிருந்தார்கள். "சூப்பர் தையல்" என்று எழுதினவர் நிஜமாகவே சூப்பர் என்றுதான் எழுதியிருக்கிறார். செருப்பைக் கழற்றினேன். பாவம் அந்த டெய்லர், அந்த நேரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்திருப்பார். எவ்வளவு பெரிய மழை தன்னைத் தொடாமல் போனது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

உடனே எல்லோருக்கும் செய்தி அனுப்ப வேண்டும் என்றார் கடைக்காரர். அன்பார்ந்த வாடிக்கையாளர்களே என்று தொடங்கி, தங்கள் மேலான ஆதரவு என்று என்னென்னவோ எழுதினார். படித்ததும் எனக்கே யாரோ செத்த வீட்டு நோட்டீஸ் மாதிரி இருந்தது. அழிக்கச் சொல்லிவிட்டு நானே சொன்னேன், அவர் தட்டினார். நான் ஒரு ஸ்டார் என்று சொன்னது என் தப்பு. ஒன்று என்றால் மோசம் என்று அர்த்தமாம். தையல் பிடித்திருந்தால் மாற்றுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஒன்றே இருக்கட்டும், ஆனால் என்ன பிடிக்கவில்லை என்று எழுதுங்கள்.

"யக்கா, கடைசி வரியை எடுத்துடுங்க. நெஜமாவே எழுதிடப் போறாங்க" என்றாள் ஹூக் தைக்கிறவள்.

"எழுதட்டும். முதுகுக்குப் பின்னாடி பேசறதை முன்னாடி எழுதட்டும்."

எழுதினார்கள். மாமி தன் அடுக்குமாடி வீட்டுப் பெண்களிடமும் ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொல்லியிருக்கிறார். நட்சத்திரங்கள் ஐந்து ஐந்தாக மாறின. கூடவே வார்த்தைகளும் வந்தன. வாயைத் திறந்தால் திட்டுதான், ஆனால் ரவிக்கை உடம்போடு ஒட்டி நிற்கும் என்று ஒருத்தர். உட்கார ஒரு நாற்காலி இல்லை, காற்று இல்லை, தையலில் குறை இல்லை என்று இன்னொருத்தர். என் கல்யாணத்துக்குத் தைத்துத் தர முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னார், அன்று அழுதேன், முடியும் என்று சொன்ன இன்னொரு கடை முகூர்த்தத்துக்கு முதல் நாள் கைவிரித்தபோது இவர் அருமை தெரிந்தது என்று ஒரு பெண். ஒருத்தர் மட்டும் இரண்டு நட்சத்திரத்தோடு, கை இறுக்கமாக இருக்கிறது, கேட்கப் பயமாக இருந்தது, அப்படியே பீரோவில் வைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தார்.

அதைப் படித்தபோது எனக்கு முதல் தடவையாக வாய் அடைத்தது. நான் தைத்த துணி, போட முடியாமல் ஒரு பீரோவில் கிடக்கிறது. என்னிடம் சொல்லப் பயம்.

பணிவாகப் பதில் எழுதணும், சிரமத்துக்கு வருந்துகிறோம்னு போடு என்றார் கடைக்காரர். எனக்கு யாரும் சிரமம் கொடுக்கவில்லை, நான்தான் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நானே எழுதினேன். ஆமாம், கை இறுக்கிவிட்டது, வெட்டினது நான்தான். ஓரத்தில் துணி விட்டிருக்கிறேன். எடுத்து வாங்க, பிரிச்சு விடறேன். திட்ட மாட்டேன்.

நாற்காலி கேட்டவருக்கும் பதில் போட்டேன். வாங்கிவிட்டேன், வந்து உட்காருங்கள் என்று. நிஜமாகவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வாசலில் போட்டிருந்தேன்.

டீச்சரிடமிருந்து பதிலே இல்லை. நானாகக் கூப்பிட்டுக் கெஞ்சவில்லை. அது எனக்கு வராது. கிண்டிக் கம்பெனிக்குப் போகிறதாக இருந்தால் போய்விட்டு வா, நான் தப்பாக நினைக்க மாட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் மிஷினைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அந்த வாரக் கடைசியில் இடுக்கு வழியாக ஒருவர் பக்கவாட்டில் நுழைந்து, புடவை தகரத்தில் மாட்டிக்கொள்ள, அதை விடுவித்துக்கொண்டு நிமிர்ந்தார். டீச்சர்தான். புது நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுதான் அந்த நாற்காலியா?"

உட்கார்ந்துவிட்டுச் சொன்னார். "ஒண்ணா இருந்ததெல்லாம் திடீர்னு அஞ்சா மாறினதும், காசு குடுத்து வாங்கிட்டீங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். வேற ஆள்கூடப் பார்த்துட்டேன். அப்புறம் என்னதான் எழுதியிருக்காங்கன்னு படிச்சேன். ஏங்க, காசு குடுத்து யாராவது தன்னை இவ்வளவு திட்டச் சொல்வாங்களா?"

உள்ளே இரண்டு பேரும் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார்கள்.

"கை இறுக்கிடுச்சுன்னு எழுதினவங்களுக்கு நீங்க போட்ட பதிலைப் பார்த்துதான் வந்தேன். என் பிள்ளைங்க கையைத் தூக்கி ஆடணும். தைக்கிறப்போ தப்பு யாருக்கும் வரும். வந்தா ஆமான்னு சொல்ற ஆள் வேணும் எனக்கு."

எனக்கு அழுகை வரும் போல இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க, "அளவு ரவிக்கை கொண்டு வந்திருக்கீங்களா? துவைச்சதா?" என்று கேட்டேன்.

துவைத்துத்தான் கொண்டு வந்திருந்தார். அதையும் யாரோ எழுதியிருந்தார்களாம்.

பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக வரவழைத்து, கையைத் தூக்கச் சொல்லி, குனியச் சொல்லி அளவு எடுத்தோம். தகரச் சந்துக்குள் கொலுசுச் சத்தம் கேட்டு மெட்ரோ வேலைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கிண்டிப் பேச்சு அதோடு நின்றது. நவராத்திரி நிகழ்ச்சிக்கு டீச்சர் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். எல்லோரும் பிள்ளைகளின் முகத்தையும் காலையும் பார்த்துக் கைதட்டினார்கள். நாங்கள் மூன்று பேரும் அக்குளையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு ரவிக்கைகூட மேலே ஏறவில்லை. கை இறுக்கம் என்று எழுதினவரும் பிறகு வந்தார். பிரித்து விட்டேன். திட்டவில்லை. வாய் வரை வந்துவிட்ட ஒரு திட்டை முழுங்கியது எனக்குத்தான் தெரியும்.

தகரம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆட்கள் இடுக்குப் படத்தைப் பார்த்துக்கொண்டே வந்துவிடுகிறார்கள். இப்போது யாரிடமும் எத்தனை ஸ்டார் என்று நான் சொல்வதில்லை. தோணினதை எழுதுங்க என்பதோடு சரி. எழுதினால் அன்றைக்கே பதில் போட்டுவிடுகிறேன்.

ஒரே ஒருத்தருடைய ஒற்றை நட்சத்திரம் மட்டும் மாறவே இல்லை. மாமியுடையதுதான். அதை அவர் விடுமுறைக்கு வந்த பையனின் போனில் போட்டிருந்தார். பையன் வெளிநாட்டுக்குத் திரும்பிவிட்டான். ஒவ்வொரு தடவை வரும்போதும், ஞாயித்துக்கிழமை பேசறச்சே அவன்கிட்டே மாத்தச் சொல்றேன் என்பார். பேசும்போது மறந்துவிடுவார். போன மாதம் மறுபடியும் ஆரம்பித்தபோது, வேண்டாம் மாமி, அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னால் சொன்னபடி செய்கிறவர் அவர், இனிமேல் மாற்ற மாட்டார். அந்த ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம், எதிரில் நிற்கிறவள் நான் சொல்வதை அப்படியே நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவாள் என்பது ஞாபகம் வந்து, வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம், எண்ணி ஒரே ஒரு நிமிஷம், யோசிக்கிறேன்.